நாற்பதுக்குக் கீழே

பதினொன்றரை மணிக்குள் பார்வைமானி இருபத்தாறு பேரை அளந்து முடித்திருந்தது. வெளியே நீளப் பெஞ்சுகளில் இன்னும் முப்பத்தொரு பேர் காத்திருந்தார்கள். எல்லாரும் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் பார்வையற்றோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்த நிலையத்துக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

தருணேஷின் வேலை கடினமானதல்ல. வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் கவசத்தை மாட்டி, பிடரிப் பக்கத்து உணரிகள் தோலில் படும்படி அழுத்தி, ஒன்றரை நிமிடம் காத்திருக்க வேண்டும். திரையில் ஓர் எண் வந்து நிற்கும். அதுதான் அவருடைய பார்வை எண். நாற்பதுக்குக் கீழே என்றால் பச்சை விளக்கு, உதவித்தொகை தொடரும். நாற்பதைத் தொட்டால் சிவப்பு.

கண்ணைச் சோதித்த காலம் போய்விட்டது. விழித்திரைச் சில்லு, நரம்பு மருந்து, கண்ணைத் தொடாமலே மூளைக்குள் காட்சியைக் கொண்டுபோகும் ஊசியிழை என்று ஒவ்வொன்றாக வந்த பிறகு, கண்ணில் விளக்கடித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லாமல் போயிற்று. செத்த கண்ணைக் காட்டி உதவித்தொகை வாங்கிக்கொண்டு வீட்டில் கிரிக்கெட் பார்த்தவர்கள் சிலர் பிடிபட்டார்கள். அதனால் துறை கண்ணை விட்டுவிட்டு, பார்வை போய்ச் சேருகிற இடத்துக்கே போனது. தலையின் பின்பக்கத்தில் காட்சியை வாங்கிக்கொள்ளும் மூளைப் பகுதி எவ்வளவு விழித்திருக்கிறது என்று பார்வைமானி அளந்தது. பார்வையில்லாதவருக்கு அந்தப் பகுதி பூட்டிய வீடு மாதிரி இருண்டு கிடக்கும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ‘கண் பொய் சொல்லலாம், மூளை சொல்லாது’ என்று நிலையத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. வந்து போகிறவர்களில் அதைப் படிக்க முடிந்தவர் எவருமில்லை.

இருபத்தேழாவதாக வந்தவர் கோகிலவாணி. ஐம்பதை நெருங்கும் பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வைமானி வந்த பிறகு அளக்க வருவது இதுதான் முதல் தடவை. வாய்க்கால் ரோட்டில் அரசு கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். சாயங்காலங்களில் பார்வையில்லாத ஆறு குழந்தைகளுக்கு பிரெய்ல் சொல்லிக்கொடுத்தார். எதையும் காதில் வாசித்துக் காட்டும் கருவிகள் வந்துவிட்ட காலத்தில் புள்ளி எழுத்து எதற்கு என்று கேட்டவர்களிடம், “அடுத்தவங்க படிச்சுக் கேக்கறது வேற, நாமளே படிக்கறது வேறங்க” என்று மட்டும் சொல்வார். உதவித்தொகையில் பாதி, புள்ளி குத்தும் தடித்த காகிதத்துக்கே போய்விடும்.

காத்திருந்த மூன்று மணி நேரமும் அவர் மடியில் ஒரு பருத்த பிரெய்ல் புத்தகம் இருந்தது. நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகும் வலது கை விரல் வரிகளின் மேல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அளவீட்டின்போது கைகள் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது கையேட்டின் நான்காவது விதி. தருணேஷுக்கு விதி தெரியும். புத்தகமும் கண்ணில் பட்டது. வாங்கி மேஜையில் வைக்க ஐந்து விநாடி போதும். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னும் பத்துப் பேரையாவது அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு. விரல்தானே என்று நினைத்தான். கவசத்தை மாட்டிப் பொத்தானை அழுத்தினான்.

எண் அறுபத்தெட்டில் போய் நின்றது. சிவப்பு விளக்கோடு கருவி கூவியது.

அவன் அதிர்ச்சியடையவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எழுந்தது. ஒன்பது மாதமாக கோபி நிலையத்தில் ஒரு போலியும் பிடிபடவில்லை. பக்கத்து பவானியில் நான்கு பேரைப் பிடித்திருந்தார்கள்.

“என்னங் சார், சத்தம் வேற மாதிரி வருது?” என்று கேட்டார் கோகிலவாணி.

“உங்க பார்வை எண் அறுபத்தெட்டும்மா.”

“அப்படின்னா?”

“கண்ணு தெரியுதுன்னு அர்த்தம்.”

அவர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். எதிரில் சிரிப்புச் சத்தம் வராதது புரிந்ததும், ஓடிக்கொண்டிருந்த விரல் ஒரு சொல்லின் நடுவில் நின்றது.

“சார், நான் படிச்சுட்டே இருந்தனுங்க. அதனால இருக்குமோ? புஸ்தகத்த வச்சுட்டு இன்னொருக்கா பாருங்களே.”

“வெரல்ல படிச்சா கண்ணு தெரியுமாம்மா?” என்றான் தருணேஷ். கதவருகே நின்ற காவலாளி சிரித்தார். “மறு அளவீட்டுக்கெல்லாம் இப்ப எடமில்ல. ரெண்டு வருசம் கழிச்சு வாங்க.”

அன்று மாலையே கோகிலவாணியின் உதவித்தொகை நின்றது. கூடவே பேருந்து அட்டையும் போனது. இத்தனை வருடம் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லி அவருக்கு ஓர் அறிவிப்பு போனது, மோசடி வழக்கும் பதிவானது. அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து தருணேஷுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. மாவட்டச் செய்தியில் ‘பார்வை இருந்தும் இல்லாததுபோல் நடித்த பெண்’ என்று பெயரோடு ஒரு பத்தி வந்தது.

இரண்டரை மாதம் கழித்து, ஒரு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து நிலையத்துக்குக் கடிதம் வந்தது. வாய்க்கால் ரோட்டில் இருசக்கர வண்டி மோதி ஒரு பெண் காயமடைந்திருக்கிறார். தனக்குப் பார்வையில்லை, வண்டிதான் ஒதுங்கியிருக்க வேண்டும் என்கிறார். வண்டி ஓட்டியவரோ, அந்தப் பெண்ணுக்குப் பார்வை உண்டு என்பது ஊருக்கே தெரியும், அவரே ஒதுங்குவார் என்று நினைத்தேன் என்கிறார். துறையின் பதிவு என்ன சொல்கிறது? அளவீட்டு வரைபடத்தையும் இணைத்து, அலுவலர் கையொப்பத்தோடு அனுப்பவும்.

பெயரைப் பார்த்ததும் தருணேஷ் கடிதத்தை இன்னொரு முறை படித்தான். ஆனாலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் பதிவைத் திறந்தான்.

வரைபடத்தை அவன் அன்று பார்க்கவில்லை. எண்ணை மட்டும்தான் பார்த்தான். யாரும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். இப்போது பார்த்தபோது, கோடு மேலேறி, சற்று நேரம் உயரத்திலேயே ஓடி, சடாரென்று ஒரு பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறியது. மறுபடி பள்ளம். ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒன்று. கண்ணால் பார்க்கிறவர்களின் கோடு அப்படி இருக்காது. அது காற்றில் ஆடும் வயல் மாதிரி தாறுமாறாக இருக்கும். இது என்ன ஒழுங்கு?

நாற்காலிக்கு மேலே இருந்த படக்கருவியின் பதிவை எடுத்து, வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினான். கோகிலவாணியின் விரல் வரியின் கடைசிக்குப் போனது. அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பியது. அந்தக் கணத்தில் கோடு பள்ளத்தில் இறங்கியது. விரல் எழுத்தின் மேல் ஏறியதும் கோடும் ஏறியது. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தான். ஒரு வரிகூடத் தப்பவில்லை.

அந்த அம்மாவின் தலைக்குள் அந்த வீடு பூட்டிக் கிடக்கவில்லை. கண் குடிவராத இடத்தில் விரல் குடிவந்து நாற்பது வருடமாக விளக்கேற்றி வைத்திருந்தது. யார் ஏற்றினார்கள் என்று கருவிக்குத் தெரியாது. விளக்கு எரிகிறதா என்பதுதான் அதற்குத் தெரியும்.

‘புஸ்தகத்த வச்சுட்டு இன்னொருக்கா பாருங்களே.’ அவர் சொல்லியிருந்தார். அவன் பேச்சும் பதிவில் இருந்தது. காவலாளியின் சிரிப்பும் இருந்தது. தருணேஷ் ஒலியை நிறுத்தினான்.

மறுநாள் மதியம் அரசு மருத்துவமனைக்குப் போனான். வாசலில் சாத்துக்குடி வாங்கினான். பெண்கள் பிரிவில் ஜன்னலோரக் கட்டிலில் கோகிலவாணி இருந்தார். வலது கால் தொடைவரை கட்டுப் போட்டு உயரத் தூக்கி வைத்திருந்தது. தலைமாட்டில் இரண்டு பருத்த புத்தகங்கள் இருந்தன. தருணேஷ் கட்டில் பக்கத்தில் போய் நின்றான்.

“யாருங்க? டாக்டருங்களா?”

“வலி எப்படிம்மா இருக்கு?” என்றான்.

கோகிலவாணியின் முகம் அவன் பக்கம் திரும்பி அப்படியே நின்றது.

“அளவீட்டு சார்தானுங்களே?”

“ஆமாம்மா.”

“மூஞ்சின்னா மறந்திருக்கும். கொரல் மறக்காதுங்க.” கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, “இன்னும் என்னத்த அளக்கோணும்?” என்றார்.

“எப்படி ஆச்சுன்னு கேக்கலாம்னு வந்தேன்.”

“எப்படி ஆச்சு! இருபத்தெட்டு வருசமா அந்த ரோட்டுல நடக்கறனுங்க. வண்டி சத்தம் கேட்டா அப்படியே நின்னுக்குவேன். வர்றவங்க ஒதுங்கிப் போயிருவாங்க. அதுதான் எங்களுக்குள்ள ஏற்பாடு. பேப்பர்ல போட்டீங்கல்ல, அதுக்கப்பறம் அந்த ஏற்பாடு போச்சு. கொழாயடியில முன்னெல்லாம் எனக்கு மொதல் கொடம் விடுவாங்க. இப்ப, கண்ணுதான் தெரியுதே, வரிசையில நில்லுங்கறாங்க. நிக்கறேன். அது போகட்டும். நடக்கற வழியில கல்ல வச்சுப் பாக்கறாங்க, தாண்டறனா தடுக்கறனான்னு. தடுக்கி விழுந்தா, என்னமா நடிக்கறாங்கறாங்க. அன்னைக்கும் வண்டி சத்தம் கேட்டு நின்னேன். ‘நடிக்கறதப் பாரு’ன்னு அந்தத் தம்பி கத்துனது காதுல உழுந்துச்சு. அப்பறம் இங்கதான் முழிச்சேன்.”

சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான் தருணேஷ்.

“அம்மா, நீங்க சொன்னதுதான் சரி. புஸ்தகத்துனாலதான். நேத்துதான் பாத்தேன்.”

“நேத்தா?”

“அன்னைக்கு நான் வாங்கி வச்சிருக்கணும். விதியே இருக்கு. தெரிஞ்சேதான் விட்டுட்டேன். நேரமாச்சுன்னு விட்டுட்டேன்.”

அவர் அழுவார் அல்லது திட்டுவார் என்று எதிர்பார்த்தான். இரண்டில் எது நடந்தாலும் அவனுக்குக் கொஞ்சம் இலேசாகியிருக்கும். கோகிலவாணி இரண்டையும் செய்யவில்லை.

“பக்கத்துல அந்த ஆளு சிரிச்சாரே,” என்றார். “அவருகிட்டயும் சொல்லீருங்க.”

மாவட்ட அளவீட்டு அலுவலர் சௌந்தர்யா ஈரோட்டில் இருந்தார். ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. தருணேஷ் காட்டிய வரைபடத்தை அவர் நீண்ட நேரம் பார்த்தார். அவன் கண்டுபிடித்ததை அவன் எதிர்பார்த்த வியப்போடு பார்க்கவில்லை.

“நீ மூணாவது ஆளு,” என்றார். “இதே மாதிரி ரெண்டு பேரு எழுதியிருக்காங்க. மேலிருந்து என்ன பதில் தெரியுமா? எண் நாப்பதத் தாண்டினா பார்வை உண்டு, எதனால தாண்டுதுங்கறது துறையோட ஆய்வுக்கு உட்பட்டதில்ல. அவ்வளவுதான்.”

“தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுக்கறேன் மேடம். நாலாவது விதி.”

“குடு. ஒரு இன்கிரிமென்ட் போகும், வேற ஒண்ணும் ஆகாது. மறு அளவீட்டுக்கு உத்தரவு போடறேன். ஆனா தருண், அது ஒரே தடவைதான். அதுலயும் நாப்பதுக்கு மேல வந்துச்சுன்னா அந்தம்மாவுக்கு நிரந்தரமாக் கதவச் சாத்திருவாங்க. கைய வெறுமனே வச்சா மட்டும் குறைஞ்சிருமா? மொதல்ல பாத்துக்க.”

அவன் எழுந்தபோது அவர் மறுபடி கூப்பிட்டார்.

“இன்னொரு வழியும் இருக்கு. இந்தப் பதிவ எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போயி, நான்தான் அளந்தேன், இந்த மிஷினு அளக்கறது பார்வைய இல்லன்னு நீயே நின்னு சொல்லலாம். அளக்கறவனே சொன்னா தள்ள முடியாது. நாப்பதுங்கற கணக்கே மாறும். சொல்றியா?”

தருணேஷ் தரையைப் பார்த்தான். வேலை போகும். வழக்கு வருடக்கணக்கில் நடக்கும். மகள் நான்காம் வகுப்பு. வீட்டுக்கடன்.

“மொதல்ல இந்த ஒருத்தருக்குச் சரிபண்ணிர்றேன் மேடம்,” என்றான்.

“சரி,” என்றார் சௌந்தர்யா. அவர் குரலில் ஏமாற்றம் இல்லை. அவரும் போகவில்லையே.

நிலையத்தின் கைப்பார்வைமானியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனான் தருணேஷ். வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்காக வைத்திருக்கும் சின்னக் கருவி அது. கோகிலவாணியின் கைகள் வெறுமையாகப் போர்வையின் மேல் கிடந்தன. எண் ஐம்பத்து மூன்று.

“என்ன பண்றீங்க இப்ப?” என்று கேட்டான்.

“ஒண்ணும் பண்ணலீங்க. பக்கத்துக் கட்டில் அக்கா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. வெளிய ஒரு வண்டி பின்னால எடுக்கறான். நீங்க கட்டிலுக்குத் தெக்கால நிக்கறீங்க. அவ்வளவுதான் நெனச்சேன்.”

கேட்பதும், திசை அறிவதும், படித்ததை நினைப்பதும் எல்லாம் அந்தப் பகுதியில்தான் நடந்தது. சும்மா இருக்க அதற்குத் தெரியவில்லை. அன்று மாலை தருணேஷ் கையேட்டின் பின்னிணைப்பைப் படித்தான். பயன்படுத்தாத மூளைப் பகுதி மெல்ல மங்கும். ஆறு மாதத்தில் தெளிவான இறக்கம் தெரியும். போலிகள் தங்கள் பார்வைக் கருவியைக் கழற்றி வைத்து ஏமாற்றக்கூடும் என்று எச்சரிப்பதற்காக எழுதியிருந்த வரி அது. அந்த வரிதான் அவனுக்கு வழியாகத் தெரிந்தது.

மறுநாள் போய்ச் சொன்னான்.

“ஆறு மாசம் படிக்காம இருந்தீங்கன்னா கொறையும்மா. முப்பத்தி எட்டு, முப்பத்தி ஒம்பது வந்தாப் போதும். அப்ப மறு அளவீடு வச்சுக்கலாம். கேஸும் போயிரும், வண்டிக்காரனும் தப்ப ஒத்துக்க வேண்டி வரும்.”

“படிக்காமயா?”

“ஆமா.”

“கொழந்தைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறது?”

“அதும் வேண்டாம். காதுல ஏதாவது ஓட விட்டுக்குங்க. பாட்டு மாதிரி. கவனிச்சுக் கேக்காதீங்க.”

கோகிலவாணி கையைத் தலைமாட்டுக்குக் கொண்டுபோய்ப் புத்தகத்தின் அட்டையைத் தொட்டார். உடனே எடுத்துக்கொண்டார்.

“கண்ண ஆண்டவன் எடுத்துக்கிட்டான், சார். வெரல நீங்க கேக்கறீங்க.”

தருணேஷ் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

“வேற வழி இருக்குதுங்களா?” என்று கேட்டார் அவர்.

இருந்தது. ஈரோட்டில் சௌந்தர்யா சொன்ன வழி இருந்தது. தருணேஷ் கோகிலவாணியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் அவன் குரலுக்காகக் காத்திருந்தது.

“இல்லம்மா,” என்றான்.

புத்தகங்களை அவர் அவனிடமே கொடுத்தனுப்பினார். கையெட்டும் தூரத்தில் இருந்தால் முடியாது என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தருணேஷ் வாய்க்கால் ரோட்டுக்குப் போனான். முதலில் சக்கர நாற்காலி, பிறகு ஊன்றுகோல், பிறகு சுவரைப் பிடித்து நடை. கால் தேறத் தேற எண் இறங்கியது. ஐம்பத்தொன்று. நாற்பத்தேழு. ஒரு வாரம் நாற்பத்தெட்டுக்கு ஏறியபோது, “படிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டான். குரல் அதட்டலாக வந்தது அவனுக்கே கேட்டது.

“கீரை ஆய்ஞ்சனுங்க,” என்றார் கோகிலவாணி, தப்புச் செய்தவர் மாதிரி. “காம்பு எது இலை எதுன்னு பாக்கறதுல ஏறிப்போச்சாட்ட இருக்குது.”

அடுத்த வாரம் முதல் பக்கத்து வீட்டில் சொல்லி, ஆய்ந்த கீரையாகக் கொண்டுவரச் செய்தான்.

எண் இறங்கிய ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனுக்கு இலேசாக இருந்தது. அந்த இலேசு வீடு வரைக்கும்கூட வராது என்பதையும் அவன் கவனித்தான். கோகிலவாணி கதவு நிலையில் இடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். வந்திருப்பது யாரென்று ஒருமுறை கேட்டார். வாசலில் அவன் செருமியது போதாமல் போயிருந்தது.

ஏழாவது மாதம் மறு அளவீடு நடந்தது. வெறும் கை. எண் முப்பத்தேழு. பச்சை விளக்கு எரிந்தது. உதவித்தொகை திரும்பியது, வழக்கு நீங்கியது, காப்பீட்டுக்காரர்கள் மருத்துவச் செலவை ஏற்றார்கள். ‘பார்வை இல்லை என உறுதி’ என்று செய்தியிலும் சிறிதாக வந்தது. குழாயடியில் மறுபடி முதல் குடம் அவருக்கு.

ஆணையை பிரெய்லில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தருணேஷ் அதையும், அந்த இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போனான். கோகிலவாணி ஆணையை மடியில் வைத்து விரலை ஓடவிட்டார். முதல் சொல்லில் விரல் தயங்கியது. திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்தது. இரண்டாவது சொல். மூன்றாவதில் நின்றுவிட்டது.

“புள்ளி தெரியுதுங்க. எழுத்து வர மாட்டேங்குது,” என்றார். “கொஞ்ச நாள் ஆனா வந்துரும்னு வச்சுக்குங்க.”

“வந்துரும்மா.”

“வந்தா, அடுத்த அளவீட்டுல மறுபடி ஏறும்.”

அவர் ஆணையை அவன் பக்கம் நீட்டினார்.

“நீங்களே வாசிங்க சார்.”

வாசித்தான். இரண்டு வரிதான் இருந்தது. புத்தகங்களை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, நிலையத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

விஷயம் பரவுவதற்கு நாளாகவில்லை. கோகிலவாணியிடம் படித்த ஆறு குழந்தைகளின் வீட்டுக்குத்தான் முதலில் தெரிந்தது. பிறகு பெஞ்சில் காத்திருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். படிச்சா ஏறும். தனியா நடந்து பழகினா ஏறும். வீட்டு வேலை கத்துக்கிட்டா ஏறும். பவானி, அந்தியூர், சத்தியமங்கலம் என்று போய், கொங்கு நாடு தாண்டியும் போனது. ‘கோபி முறை’ என்று அதற்குப் பெயரும் வந்தது. முறையைச் சொல்லிக்கொடுத்த நல்ல அலுவலர் என்று தருணேஷைத் தேடி வந்து கும்பிட்டவர்களும் உண்டு. அந்த வருடம் அவனுடைய நிலையத்தில் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. அடுத்த வருடம், பக்கத்து மாவட்டத்தில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் பிரெய்ல் வகுப்பைச் சேர்க்கை இல்லாமல் மூடினார்கள்.

எண்கள் இப்படிச் சரிவதைத் துறையும் கவனித்தது. கருவி துல்லியமாகிக்கொண்டே வருவதன் அடையாளம் என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள். குழந்தைகளுக்கு எல்லையை இன்னும் இறுக்கி, பத்து வயதுக்குக் கீழ் பதினைந்து என்று வைத்தார்கள்.

மூன்றாவது வருடம் ஜூன் மாதத்தில், கொடிவேரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நடக்கக்கூடிய குழந்தைதான். ஆறு வயது, பெயர் நட்சத்திரா. அந்த வெக்கையில் இரண்டு கையிலும் தடித்த கம்பளிக் கையுறை போட்டிருந்தது. மணிக்கட்டில் நாடாவால் கட்டியிருந்தார்கள்.

“கைக்கு என்ன?” என்று கேட்டான் தருணேஷ். “புண்ணா?”

“அதெல்லாம் இல்லீங் சார்,” என்றாள் தாய், பெருமையாக. “நாலு வயசுலருந்து போட்டிருக்கறன். எதைப் பாத்தாலும் தடவித் தடவிப் பாப்பாளுங்க. குளிக்க ஊத்தறப்ப மட்டுந்தான் கழட்டறது. நடக்கவும் உடறதில்ல, நாந்தான் தூக்கிக்கறன். மொதல்ல கோகிலவாணியம்மாகிட்டச் சேக்கலாம்னுதானுங்க போனோம். அவங்க இப்ப சொல்லித் தர்றதில்லைன்னுட்டாங்க. நல்லதாப் போச்சு.”

தருணேஷ் குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்தான். விதிப்படி கைகள் வெறுமையாக இருக்க வேண்டும். நாடாவை அவிழ்த்துக் கையுறைகளை உருவினான். உள்ளங்கைகள் வெளுத்து, ஈரமாக, நெடுநேரம் தண்ணீரில் ஊறின மாதிரி சுருங்கியிருந்தன. கவசத்தை மாட்டிப் பொத்தானை அழுத்தினான்.

எண் மூன்று. அசையாமல் மூன்றிலேயே இருந்தது. இத்தனை வருடத்தில் உயிருள்ள ஒரு தலையில் அவன் அவ்வளவு சிறிய எண்ணைப் பார்த்ததில்லை. இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

குழந்தையின் வலது கை மடியிலிருந்து நகர்ந்தது. நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டது, பின்வாங்கியது, மறுபடி தொட்டது. கைப்பிடியின் நுனியில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். அதில் துறையின் பெயர் பிரெய்லில் இருந்தது. விரல் முதல் புள்ளியைக் கண்டுபிடித்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. குழந்தையின் வாய் மெல்லத் திறந்தது. முகம் முழுவதும் அந்த ஒரு விரலின் பக்கம் சாய்ந்தது.

எண் ஐந்து ஆனது. எட்டு. விரல் வேகமாகப் புள்ளி புள்ளியாகத் தாவியது. பத்து. தருணேஷ் திரையையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தான். குழந்தை சத்தமில்லாமல் சிரித்தது. பன்னிரண்டு.

“சார்,” என்றாள் தாய். “ஏறுதுங்களா?”

பதின்மூன்று.

தருணேஷ் குனிந்து, அந்த ஈரக் கையை மெதுவாகத் தகட்டிலிருந்து எடுத்து, மடியில் வைத்து, நகராமல் பிடித்துக்கொண்டான்.